மூசைக்குத் தப்பிய காசுகள்

பழைய தங்கக் காசைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதலில் வருகிற கேள்வி, “இது எத்தனை வருஷத்துக் காசு?” என்பதுதான். வயது கூடினால் விலையும் கூடும் என்று இயல்பாகவே நினைத்துக்கொள்கிறோம். பிரிட்டிஷ் தங்கக் காசுகளில் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது. 1793ஆம் ஆண்டு அச்சான கினிகள் இன்றும் சாதாரணமாக விற்பனைக்கு வருகின்றன. 1917இல் லண்டனில் அச்சான சவரனோ கண்ணில் படுவதே அபூர்வம். அந்த ஆண்டு அடித்தது ஒன்றிரண்டு காசு அல்ல, 10 லட்சத்துக்கும் மேல். அப்படியிருந்தும் சேகரிப்பவர்கள் அதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள். ஏன் என்பதை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம், அவசரமில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் காசு ஏன் உருக்கப்படாமல் போனது?

செம்புக் காசை உருக்கி யாருக்கும் பெரிய லாபம் கிடைக்காது. தங்கம் அப்படியல்ல. காசாக இருக்கும்போதும் அது தங்கம், கட்டியாக இருக்கும்போதும் தங்கம். காசின் மேல் அரசு குறித்த மதிப்பைவிட உள்ளே இருக்கும் தங்கத்தின் விலை கொஞ்சம் ஏறினாலும் போதும், யாரோ ஒருவர் அதை மூசையில் போட்டுவிடுவார். அரசு எடையைக் குறைத்துப் புதுக் காசு வெளியிட்டால், கனமான பழைய காசு மூசைக்குப் போகும். தேய்ந்துபோனால் போகும். போர் வந்து அயல்நாட்டுக்குக் கடன் கட்ட வேண்டியிருந்தாலும் போகும். இங்கிலாந்தில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சான தங்கக் காசுகளில் பெரும்பங்கு இப்படி அடுத்த தலைமுறைக் காசுகளுக்குள்ளேயே கரைந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் போவதுதான் இந்தச் சேகரிப்பின் சாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் காசிலிருந்தே தொடங்குவோம். 1252இல் ஃப்ளாரன்ஸ் நகரம் தன் ஃப்ளோரின் என்ற தங்கக் காசை வெளியிட்டது; ஐரோப்பிய வணிகர்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கும் ஆசை வந்தது. 1257இல் அவர் தங்கத்தில் ஒரு பென்னி அடிக்கச் செய்தார். 1066இல் நார்மன்கள் வந்த பிறகு அந்த நாடு வெளியிட்ட முதல் தங்கக் காசு அது. செய்தவர் அரசரின் பொற்கொல்லரான குளோஸ்டர் வில்லியம். ஒரு பக்கம் செங்கோலும் உருண்டையும் ஏந்தி அரியணையில் அமர்ந்த அரசர். மறுபக்கம் நீண்ட சிலுவை, அதன் இடைவெளிகளில் ரோஜாப் பூக்கள். எடை இரண்டு வெள்ளிப் பென்னி. மதிப்பு 20 வெள்ளிப் பென்னி.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பங்கு தங்கத்துக்குப் பத்துப் பங்கு வெள்ளி என்று அரசர் விலை வைத்திருக்கிறார். சந்தையில் தங்கம் அதைவிட உயர்ந்த விலைக்குப் போனது. இந்தக் காசைச் செலவழிப்பவருக்கு நஷ்டம், உருக்குபவருக்கு லாபம். பின்னர் மதிப்பை 24 பென்னியாக உயர்த்தியும் காரியம் ஆகவில்லை. லண்டன் நகரத்தார் வேறொரு குறையையும் அரசரிடம் சொன்னார்கள்: ஏழைகளிடம் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு தங்கக் காசு பெறாது, அவர்களுக்கு இதனால் என்ன பயன்? நியாயமான கேள்விதான். சில ஆண்டுகளில் காசு மறைந்தது.

இன்று உலகில் அறியப்பட்டவை எட்டு. எட்டாவது காசு 2021இல் டெவன் பகுதியில் ஹெமியாக் என்ற ஊரின் நிலத்தில், உலோகம் கண்டறியும் கருவியோடு நடந்துகொண்டிருந்த ஒருவருக்குக் கிடைத்தது. 2022 ஜனவரியில் ஸ்பிங்க் நிறுவனத்தின் ஏலத்தில் அது 6,48,000 பவுண்டுக்கு விற்றது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்ததால்தான் அது மிஞ்சியது. தொலைத்தவர் அதைத் திரும்பக் கண்டெடுத்திருந்தால் இன்று ஏழுதான் இருந்திருக்கும்.

அடுத்து 1344. மூன்றாம் எட்வர்ட் ஜனவரியில் ஒரு பெரிய தங்கக் காசு வெளியிட்டார். அரியணையின் இருபுறமும் சிறுத்தைகள் இருப்பதால் அதற்கு இரட்டைச் சிறுத்தை என்று பெயர். மதிப்பு 6 ஷில்லிங். இந்த முறை தவறு எதிர்ப்பக்கமாகப் போயிற்று. காசிலிருந்த தங்கம் 6 ஷில்லிங் பெறாது. வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காசு செல்லாததாக்கப்பட்டது. வெறும் எட்டு மாத வாழ்வு. ஹென்றியின் காசில் தங்கம் அதிகம் என்பதால் மக்கள் உருக்கினார்கள். எட்வர்டின் காசில் தங்கம் குறைவு என்பதால் அரசே திரும்பப் பெற்று உருக்கியது. 1857இல் டைன் ஆற்றில் இரண்டு கிடைத்தன. அவை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2006இல் கிடைத்தது அதுவரை உலகம் அறிந்த மூன்றாவது காசு. ஏலத்தில் 4,60,000 பவுண்டுக்குப் போனது.

அதே 1344இல் கணக்கைத் திருத்தி வெளியிட்ட நோபிள் என்ற காசு நிலைத்தது. கப்பலில் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் அரசர். 1340இல் ஸ்லூய்ஸ் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படையை வென்றதை நினைவூட்டும் படம் என்று பலரும் சொல்கிறார்கள். மதிப்பு 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. கணக்குக்கு வசதியாக இருந்ததால் வழக்கறிஞர்கள் தங்கள் கட்டணத்தையே அந்தத் தொகைக்கு வைத்துக்கொண்டார்கள். அது நூற்றாண்டுகள் தாண்டியும் மாறவில்லை. பின்னர் தங்கத்தின் விலை ஏறி நோபிளின் மதிப்பு உயர்ந்தபோது, பழைய 6 ஷில்லிங் 8 பென்ஸ் மதிப்புக்கு ஒரு காசு தேவைப்பட்டது. நான்காம் எட்வர்ட் 1465இல் கொண்டுவந்த ஏஞ்சல் அந்த இடத்தை நிரப்பியது. அதில் தேவதூதர் மிக்கேல் நாகத்தை மிதித்து ஈட்டியால் குத்துகிறார்.

ஏஞ்சல் காசு தப்பிய விதம் மனத்தைத் தொடுகிற ஒன்று. கண்டமாலை என்று நம் வைத்தியர்கள் சொல்லும் கழுத்துக் கட்டி நோயை அரசரின் கை தீண்டினால் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் வேரூன்றியிருந்தது. நோயாளியை அரசர் தொடுவார். ஏஞ்சல் காசு ஒன்றைத் துளையிட்டு நாடாவில் கோத்து அவர் கழுத்தில் போடுவார். வாங்கியவர் அதை விற்கமாட்டார், உருக்கமாட்டார். கழற்றினால் நோய் திரும்பிவிடும் என்ற பயம். முதலாம் சார்லஸ் காலத்தோடு ஏஞ்சல் அச்சாவது நின்றது. அதன் பிறகு இதற்கென்றே சிறு பதக்கங்கள் செய்தார்கள். அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைச் சின்னக் குழந்தையாக 1712இல் ஆன் அரசியிடம் தூக்கிப்போனார்கள். அவருக்குக் கிடைத்த பதக்கம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏலத்தில் துளை விழுந்த ஏஞ்சலுக்கு விலை குறையும். சந்தையின் கணக்கு அது. எனக்குக் கையில் கிடைத்தால் துளை உள்ளதையே எடுப்பேன். எல்லாத் துளையும் அரசர் கை பட்ட துளை என்று சொல்லிவிட முடியாது, வெறும் ஆபரணமாக அணிந்தவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு தாய் தன் பிள்ளையின் கழுத்தில் அதைத் தடவிப் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் குறையில்லாத காசில் எனக்கு வருவதில்லை.

இடையில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சவரன் என்ற பெயரில் முதல் காசு வந்தது 1489இல், ஏழாம் ஹென்றி காலத்தில். எடை 15.5 கிராமுக்குச் சற்று மேல், இன்றைய சவரனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அடுத்து வந்த எட்டாம் ஹென்றி 1526இல் 22 கேரட் தங்கத்தைக் காசுக்குக் கொண்டுவந்தார். சுத்தத் தங்கம் மென்மையானது, சீக்கிரம் தேய்ந்துவிடும்; கலப்பு சேர்த்தால் உழைக்கும். அந்தத் தரம் இன்றைய சவரன் வரை தொடர்கிறது.

இந்தக் காசுகள் எல்லாம் கையால் அடித்தவை. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் தங்கத் தகடு, ஓங்கிச் சுத்தியலால் ஒரு அடி. விளிம்பு ஒழுங்காக வராது. ஒழுங்கில்லாத விளிம்பைக் கத்தரித்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே கத்தரித்தார்கள், மரண தண்டனை இருந்தும் கத்தரித்தார்கள். இரண்டாம் சார்லஸ் ஆட்சியில் 1660களின் தொடக்கத்தில் எந்திரம் வந்து இதற்கு முடிவு கட்டியது. 1663இல் வந்த கினியின் விளிம்பில் வரிகள் இருந்தன. பெரிய ஐந்து கினிக் காசின் விளிம்பைச் சுற்றி, அலங்காரமும் பாதுகாப்பும் என்று பொருள்படும் லத்தீன் சொற்களையே பொறித்தார்கள். ஓரத்தைச் சுரண்டினால் எழுத்து போய்விடும்.

கினியில் அரசரின் தலைக்குக் கீழே பாருங்கள். சிலவற்றில் சின்னதாக ஒரு யானை இருக்கும். ஆப்பிரிக்கக் கம்பெனி கொண்டுவந்த தங்கத்தில் அடித்த காசு என்பதற்கு அது அடையாளம். கினி என்ற பெயரே அந்தத் தங்கம் வந்த ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயர். அந்தக் கம்பெனி தங்கத்தோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. அரசரின் தம்பி ஜேம்ஸ் அதன் தலைவர். யானைக் கினியை அழகான காசு என்று சொல்லும் விற்பனைப் பட்டியல்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் கடந்துபோகின்றன. சேகரிப்பவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காசு எங்கிருந்து வந்தது என்பதை அதுவே தன் மேல் எழுதி வைத்திருக்கும்போது நாம் படிக்காமல் விடக் கூடாது.

1729 முதல் இரண்டாம் ஜார்ஜின் சில காசுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று முதலெழுத்துகள் இருக்கும். அது கம்பெனி கொடுத்த தங்கம். 1745ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் லிமா என்று இருக்கும். கடலில் எதிரிக் கப்பல்களைப் பிடித்துக் கொண்டுவந்த செல்வம். எல்லாவற்றிலும் அரிதானது வீகோ. 1702 அக்டோபரில் ஸ்பெயினின் வீகோ விரிகுடாவில் ஆங்கில, டச்சுக் கப்பற்படைகள் ஸ்பானியப் புதையல் கப்பல்களைத் தாக்கின. பெரும் செல்வம் கிடைத்ததாக லண்டனில் கொண்டாட்டம். நாணயச்சாலைக்கு வந்து சேர்ந்ததில் வெள்ளி நிறைய, தங்கம் மிகக் கொஞ்சம். அப்போது நாணயச்சாலையின் தலைவர் ஐசக் நியூட்டன். அந்தக் கொஞ்சத் தங்கத்தில் 1703இல் ஆன் அரசியின் தலைக்குக் கீழே வீகோ என்று பொறித்து ஐந்து கினி, கினி, அரைக் கினி அடித்தார்கள். ஐந்து கினியில் இன்று இருப்பது இருபதுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். பிறக்கும்போதே எண்ணிக்கை குறைவு. வெற்றியின் நினைவுப் பொருளாக யாரோ பத்திரப்படுத்தியதால் அந்தக் குறைவிலும் சில மிஞ்சின. நியூட்டன் பெயரோடு சேர்த்து இன்னொன்றும் நினைவில் வைக்கலாம்: கினியின் மதிப்பு சந்தையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1717இல்தான் 21 ஷில்லிங் என்று நிலைபெற்றது.

இனி 1733. சேகரிப்பவர்கள் மறக்கக் கூடாத ஆண்டு. சுத்தியலால் அடித்த பழைய தங்கக் காசுகள் அனைத்தும் அந்த ஆண்டு செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. முதலாம் ஜேம்ஸின் யுனைட், லாரல் என்ற காசுகள், வீடுகளில் எஞ்சியிருந்த ஏஞ்சல்கள், உள்நாட்டுப் போரின்போது முதலாம் சார்லஸ் ஆக்ஸ்ஃபோர்டில் அடித்த பெரிய மூன்று பவுண்டுக் காசுகள், எல்லாவற்றுக்கும் மூசை என்ற ஒரே வாசல்தான் திறந்திருந்தது. அந்த மூன்று பவுண்டுக் காசின் பின்புறத்தில், புராட்டஸ்டன்ட் சமயத்தையும் இங்கிலாந்தின் சட்டங்களையும் நாடாளுமன்றத்தின் சுதந்திரத்தையும் காப்பேன் என்ற அரசரின் அறிவிப்பு இருக்கிறது. நாடாளுமன்றத்தோடு போரிட்டுக்கொண்டிருந்தவர் தம் வீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்த காசு. நூறு ஆண்டுகூட நிரம்புவதற்குள் அது வெறும் எடைக்குப் போகும் உலோகமாயிற்று.

இந்த இடத்தில் எல்லர்பிக்குப் போவோம். 2019இல் கிழக்கு யார்க்‌ஷயரில் உள்ள அந்தச் சிற்றூரில் ஒரு தம்பதி வீட்டுச் சமையலறையின் தரையை மாற்றுவதற்காகப் பெயர்த்தார்கள். அடியில் ஒரு சின்ன மண்குவளை. உள்ளே 264 தங்கக் காசுகள். மிகப் பழையது 1610, கடைசியானது 1727. ஹல் துறைமுகத்தில் பால்டிக் வணிகம் செய்த ஃபெர்ன்லி-மேய்ஸ்டர் குடும்பத்தின் சேமிப்பு என்று கண்டறிந்தார்கள். 1733 அறிவிப்பு வந்தபோது, ஜேம்ஸ் காலத்துக் காசுகள் தரைக்கடியில் இருந்திருக்க வேண்டும். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. 2022 அக்டோபரில் ஏலம் விட்டபோது மொத்தம் ஏறத்தாழ 7,54,000 பவுண்டு கிடைத்தது. அவற்றில் மிக உயர்ந்த விலைக்குப் போனவற்றுள் ஒன்று 1720ஆம் ஆண்டு கினி. அதில் முதலாம் ஜார்ஜின் தலையே இல்லை. நாணயச்சாலையில் அச்சு மாறிப்போய் இருபுறமும் பின்பக்கமே விழுந்திருக்கிறது. 62,400 பவுண்டு.

தப்பியது எல்லாம் அரிது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். 2016இல் ஷ்ராப்‌ஷயரில் பிஷப்ஸ் காசில் என்ற ஊரில், ஒரு பழைய பியானோவைச் சுருதி சேர்க்க வந்தவர் அதன் உள்ளே 913 சவரன், அரைச் சவரன் காசுகளைக் கண்டெடுத்தார். 1847 முதல் 1915 வரையிலானவை. நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் தனித்தனியாக எடுத்தால் அவை பெரும்பாலும் எங்கும் கிடைக்கும் காசுகள். ஒளித்து வைத்த கதை வேறு, காசின் அருமை வேறு. ஒரே வகைக் காசு எத்தனை இடங்களில், எத்தனை பெட்டகங்களில் தப்பியிருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கும்.

இப்போது நாம் அறிந்த சவரனுக்கு வருவோம். நெப்போலியன் போர்களுக்குப் பிறகு பிரிட்டன் தன் காசுகளை அடியோடு மாற்றியது. 1817இல் கினியின் இடத்தில் 20 ஷில்லிங் சவரன் வந்தது. 7.98 கிராம் எடை, 22 கேரட், 22 மில்லிமீட்டர் குறுக்களவு. குதிரையில் அமர்ந்து நாகத்தை வதைக்கும் செயின்ட் ஜார்ஜ் உருவத்தைச் செதுக்கியவர் இத்தாலியரான பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி. நம் நகைக்கடைகளில் சவரன் என்று கணக்கிடும் 8 கிராம் இந்தக் காசின் எடையை முழுதாக்கியதுதான்.

1819இல் அடித்தவை 3,574 மட்டும். இன்று பத்து அளவுக்குத்தான் தெரியவந்திருக்கின்றன. இதைப் புரிந்துகொள்வது எளிது. எனக்கு அதைவிடப் பிடித்தது 1859ஆம் ஆண்டின் ஒரு வகை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு தொகுதித் தங்கம் கலப்பினால் நொறுங்கும் தன்மையோடு இருந்தது, காசடிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கினார்கள். நாணயச்சாலையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஆன்செல் அதைப் பக்குவப்படுத்திக் காசாக்கிக் காட்டினார். அப்படி அடித்த சவரன்களில் விக்டோரியாவின் கூந்தல் நாடாவில் ஒரு கோடு கூடுதலாக இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தொழிலாளியின் திறமைக்குச் சாட்சியாக அந்த ஒரு கோடு நின்றுவிட்டது. ஆன்செல் சவரன் என்றே அதைச் சொல்கிறார்கள்.

தொடக்கத்தில் சொன்ன 1917 இப்போது விளங்கும். முதல் உலகப் போரின்போது மக்களிடமிருந்த தங்கக் காசுகளுக்குப் பதிலாகக் காகித நோட்டுகள் வந்தன. வாங்கிய ஆயுதங்களுக்கும் உணவுக்கும் விலையாகத் தங்கம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே காசுகளை உருக்கிக் கட்டியாக்கினார்கள். அந்த ஆண்டு லண்டன் சவரன்கள் மக்கள் கைக்கே சரியாக வராமல் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அச்சான எண்ணிக்கையை மட்டும் பார்த்து விலை போடுகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

அதனாலேயே 1917 லண்டன் சவரனைப் போல் போலிகள் நிறைந்த காசும் குறைவு. போலி என்றதும் பித்தளைக்கு முலாம் பூசியது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலும் லெபனானிலும் சரியான எடையில், சரியான தங்கத்திலேயே சவரன்களை அச்சடித்தார்கள். அக்காலத்தில் சவரன் தன்னிடமுள்ள தங்கத்தின் விலையைவிட அதிகத்துக்கு விற்றது. அந்த வித்தியாசமே போலி அடிப்பவருக்கு லாபம். பிரிட்டன் 1949, 1951, 1952 ஆண்டுகளில் கொஞ்சம் சவரன் அடித்தபோதும் 1925 என்ற பழைய ஆண்டையே பொறித்தது. போலிகளின் வரத்தைத் தடுக்க 1957இல் மறுபடி முறையாக அடிக்கத் தொடங்கியது.

ஆகவே பரிசோதனையை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் நல்ல தராசு. சட்டப்படி புழக்கத்துக்குத் தகுந்த குறைந்தபட்ச எடை 7.94 கிராம், அதற்கும் கீழே போனால் தேய்மானமா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். ஏறத்தாழ 0.45 கிராம் குறையும். காசின் எடையை அந்தக் குறைவால் வகுத்தால் 17.5ஐ ஒட்டி வர வேண்டும். ரொம்பக் கீழே போனால் அது 22 கேரட் அல்ல. இவை இரண்டையும் தாண்டிவிடுகிற நல்ல தங்கப் போலியைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, சோப்புக்கட்டி போல் மழுங்கியிருக்கிறதா. சமதளத்தில் தேவையில்லாத சிறு புடைப்புகள் உண்டா. விளிம்பு வரிகள் ஒரே சீராக ஓடுகின்றனவா. அந்த ஆண்டு எண்களின் வடிவம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா. சந்தேகமற்ற சாதாரணச் சவரன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இது பழகும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது, தங்கத்தின் விலையைவிடச் சற்றே அதிகத்தில் கிடைக்கும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சாதாரணச் சவரன் ஒன்றை நம்பகமான இடத்தில் வாங்கி, அதை மனப்பாடமாகும் வரை பாருங்கள் என்பதுதான்.

பித்தளைக் கினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் ஜார்ஜின் 1787 முதல் 1799 வரையிலான கினிகளின் பின்புறக் கேடயம் மண்வெட்டித் தலை போல இருக்கும். விக்டோரியா காலத்தில் சீட்டாட்டத்துக்கு அதே வடிவத்தில் பித்தளை வில்லைகள் செய்தார்கள். பழைய நல்ல நாட்களின் நினைவாக என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது கினி அல்ல. கண்டெடுத்துக் கனவு கண்டு ஏமாந்தவர்கள் அந்த நாட்டிலேயே ஏராளம்.

1839 தேதியிட்ட ஊனாவும் சிங்கமும் என்ற ஐந்து பவுண்டுக் காசைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். வில்லியம் வயன் செதுக்கியது. கவிஞர் ஸ்பென்சரின் காவியத்தில் வரும் ஊனாவாக இளம் விக்டோரியா ஒரு சிங்கத்தை வழிநடத்திச் செல்கிறார். இதைவிட அழகான பிரிட்டிஷ் காசு இல்லை என்று சொல்பவர்களோடு நான் வாதிடமாட்டேன். ஏறத்தாழ 400 செய்தார்கள், புழக்கத்துக்கு அல்ல, பெட்டியில் வைப்பதற்கு. எட்டாம் எட்வர்ட் முடி துறந்ததால் வெளியிடப்படாமலே போன 1937 சவரனும் இப்படித்தான். அதில் ஒன்று 2020இல் 10 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இவை உயர்ந்தவை. என் மனமோ கைமாறிப் புழங்கி, உருக்கப்பட்டிருக்க வேண்டியதாக இருந்தும் மிஞ்சிய காசுகளிடமே போகிறது. இன்று சேகரிப்பவருக்கென்றே குறைந்த எண்ணிக்கை என்று விளம்பரம் செய்து விற்கும் புதுக் காசுகளுக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை. அவற்றை எல்லோருமே பத்திரப்படுத்துவதால் ஒன்றுகூட அழிவதில்லை.

கடைசியாக, நம் ஊர்ப் பெட்டிகளில் இருப்பதைப் பற்றி. 1918இல் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள், அந்த ஒரு ஆண்டுத் தேதியில் மட்டும், 12,95,372 காசுகள். செயின்ட் ஜார்ஜின் குதிரை நிற்கும் தரைக்கோட்டில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, ஐ என்ற ஆங்கில எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி, ஒட்டாவாவுக்கு சி. 1916இல் ஒட்டாவாவில் அடித்தவை 6,111 மட்டும் என்பதால் அந்த சி எழுத்துக்கு எங்கும் மதிப்பு. பாட்டி வைத்துவிட்டுப்போன பவுன் காசில் இந்த எழுத்தைத் தேடிப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசாக இருந்தால், வளையத்தை எடுத்துவிட்டு அரத்தால் ராவி மறைக்க முயல வேண்டாம். மேல் விளிம்பில் அந்தத் தழும்பு கண்ணாடிக்குத் தெரியும். சேகரிப்பு விலை பெருமளவு போய்விடும், மாலையின் அழகும் போய்விடும். மாலையாக இருந்தால் மாலையாகவே இருக்கட்டும். தனிக் காசாக இருந்தால் பூந்திக்கொட்டை, பற்பொடி, மெருகுத் துணி எதுவும் கிட்டே வரக் கூடாது. தங்கத்தின் மேல் காலம் படியவைத்த மெல்லிய செம்மையைத் தேய்த்து எடுத்தால் அதைத் திரும்பப் பூச முடியாது. விளிம்பைப் பிடித்து எடுங்கள். முகத்தில் விரல் பட வேண்டாம்.

விற்கிற எண்ணம் வந்தால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை மனத்தில் வையுங்கள். 100 ஆண்டு நிரம்பிய காசு அந்தச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1918 பம்பாய்ச் சவரனும் அந்த வயதைக் கடந்துவிட்டது. லண்டன் ஏலங்களில் அது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம், ஆனால் வாங்குபவரை உள்நாட்டில்தான் தேட வேண்டும். தேடும்போது நகைக்கடையில் நீட்டாதீர்கள், அங்கே எடைக்குத்தான் விலை சொல்வார்கள், வாங்கியதும் மூசையில்தான் போடுவார்கள்.